சூறாவளியின் நான்கு புகார்கள்

இந்த வீட்டில் இனி ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லையென்றால் கார்ப் பந்தயம் இருக்க வேண்டும் என்று சூப்பிரண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சபதம் எடுத்தார். சபதத்தை உரக்கச் சொல்லவில்லை. சொன்னால் மனைவி, "சரி, பெட்டிய எடுத்துத் தரட்டுமா?" என்று கேட்டுவிடும் அபாயம் இருந்தது.

அவர் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு சூப்பிரண்டு. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும், வரக்கூடாத இடத்தில் வந்துவிட்டது என்றாலும், ஊரின் வயிற்றெரிச்சல் எல்லாம் அவர் மேஜைக்குத்தான் வரும். அவர் மனைவி டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும்.

வினை ஒரு மழைக்காலத்தில் ஆரம்பித்தது. விடாத மழையில் வகுப்பு நடக்கவில்லை. மாணவிகளுக்குக் கைப்பழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்று, ஆளுக்கொரு செல்போனில் கார் விளையாட்டை இறக்கச் சொல்லி, அவரவர் வீட்டில் இருந்தபடியே பந்தயம் விட்டாள் டீச்சர். தையல்கடைக்காரி, நர்ஸம்மா, வங்கிக் காசாளர் என்று ஒரு கைப்பிடி ஆட்கள். ஜெயித்தவருக்குப் பரிசு, மற்றவர்களின் கைதட்டல்.

"நாலு பொம்பளைங்க பொம்மைக் கார் விடறீங்க. அதுக்கு ஒரு சங்கம் வேறயா?" என்று சூப்பிரண்டு அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்.

மழை நின்றது. பந்தயம் நிற்கவில்லை. மாணவிகள் தங்கைகளைச் சேர்த்தார்கள். தங்கைகள் புருஷன்மாரைச் சேர்த்தார்கள். புருஷன்மார் தங்கள் ஆபீஸையே சேர்த்தார்கள். அடுத்த ஊர் பஸ் டிப்போ ஒன்று டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் சகிதம் ஒரு அணியாக வந்து இறங்கியது. கடல் தாண்டியும் ஆட்கள் வந்தார்கள். பிறகு நடுவர்கள் வந்தார்கள், அட்டவணை வந்தது, நேரடி ஒளிபரப்பு வந்தது. வர்ணனை செய்ய மாடி வீட்டுப் பல் டாக்டர் வந்தார். பதில் பேச முடியாதபடி வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே ஆயுசு முழுக்கப் பேசிப் பழகிய மனிதர். மைக்கைப் பிடித்தால் விடுவாரா?

கடைசியில் ஹால் பறிபோயிற்று. கேமரா நிற்க இடம் வேண்டும், விளக்கு நிற்க இடம் வேண்டும் என்று சூப்பிரண்டின் சோபாவைக் கொல்லைப்புற வராந்தாவில் வாஷிங் மெஷின் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். மெஷின் சுற்றும்போது சோபாவும் நடுங்கும். சோபா நடுங்கினால் சூப்பிரண்டும் நடுங்குவார்.

சோபா போனதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்றால், அந்த வாரம் வந்த புகார்களை அவர் நடித்துக்காட்டுவார். மனைவி கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். ஆபீஸில் ஒருவரும் மதிக்காத மனிதருக்கு, அந்தச் சிரிப்புதான் வாராவாரம் கிடைத்த பதவி உயர்வு. இப்போதோ, "இந்த வாரம் ஒருத்தன் வந்தான் பாரு..." என்று ஆரம்பித்தால், "ஒரு நிமிஷங்க, வளைவுல ஒருத்தர் கவுந்துட்டாரு" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு போய்விடுகிறாள். கவிழ்ந்து கிடந்த புருஷனைத் திருப்பிப் போட ஆளில்லை.

அதனால்தான் சபதம். அதற்கான ஆயுதமும் அவரிடம் இருந்தது. எதிரி வந்து எந்த அமைப்பையும் அழித்ததாக அவர் பார்த்ததில்லை. புகார் வந்து அழிந்தவற்றைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். புகார் வந்தால் சண்டை வரும், சண்டை வந்தால் இரண்டு கோஷ்டி வரும், கோஷ்டி வந்தால் பூட்டு வரும். "எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனா முன்னாடி ஒரு 'பு' சேர்த்துட்டா, என்ன மாதிரி ஓட்ட இந்த ஊர்ல ஆள் கிடையாது" என்று கண்ணாடியைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

'சூறாவளி' என்ற புனைபெயரில் போட்டியில் சேர்ந்தார். ஒரு பந்தயத்திலாவது ஓடினால்தான் புகார் சொல்ல உரிமை உண்டு. ஓடினார். எல்லாக் கார்களும் முன்னால் போக, சூறாவளியின் கார் மட்டும் பின்னால் போய், புறப்பட்ட கோட்டுக்கும் பின்னால் இருந்த சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அவர் கவலைப்படவில்லை. உரிமை கிடைத்துவிட்டது.

புகாரைக் குரலில் பதிவு செய்து, போட்டியாளர்கள் எல்லாரும் இருக்கும் செல்போன் குழுவுக்கு அனுப்ப வேண்டும். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். குரல் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டார். ஊருக்கெல்லாம் தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று சொல்லும் வாய்மேல் கைக்குட்டையைப் போர்த்திக்கொண்டு முழங்கினார்.

"இதென்ன போட்டி? நெட் சரியா கிடைக்காதவன் கார் தவளை மாதிரி தாவித் தாவி வந்து அடுத்தவனை இடிக்குது! கேக்க ஆளில்லையா?"

கதவு தடதடத்தது. "என்னங்க, இன்னும் எவ்வளவு நேரம்? அந்தத் தண்ணிய மூடுங்க!"

"வர்றேன், வர்றேன்!" என்று சொல்லிவிட்டு, பதிவை அனுப்பினார்.

குழு இரண்டாக உடையும் என்று எதிர்பார்த்தார். டீச்சர் அன்று மாலையே பதில் சொன்னாள். "சூறாவளி சொன்னது நியாயம். இனி ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னாடி எல்லார் நெட்டையும் சோதிச்சுத்தான் கொடி அசைப்போம்." இடிபட்டு விலகியவர்களெல்லாம் திரும்பி வந்தார்கள், கூடவே நண்பர்களையும் கூட்டிக்கொண்டு.

சூப்பிரண்டு பல்லைக் கடித்தார். மறுபடி குளியலறை, மறுபடி கைக்குட்டை. "ஞாயித்துக்கிழமை வேலை பாக்கிறவன் மனுஷன் இல்லையா? ஆஸ்பத்திரி ஆளுங்க, பஸ் ஓட்டறவங்க எப்படி ஆடுவாங்க?"

"நல்ல யோசனை" என்றாள் டீச்சர். புதன்கிழமை சாயங்காலத்துக்கும் ஒரு பிரிவு தொடங்கிவிட்டது. கூட்டம் இரட்டிப்பானது. சூப்பிரண்டுக்கு ஞாயிறு போனது போதாதென்று புதனும் போயிற்று. புதன்கிழமைகளில் அவரே சமைத்து அவரே சாப்பிட்டார். யாரிடம் குறை சொல்வது?

மூன்றாவது புகாரை மாடி வீட்டின்மேல் ஏவினார். வர்ணனையாளர் தன்னிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்களையே புகழ்கிறார் என்றார். டாக்டருக்குப் போட்டியாக நர்ஸம்மாவை இன்னொரு மைக்கில் உட்கார வைத்தாள் டீச்சர். இருவரும் பந்தயத்தைவிட வேகமாகச் சண்டை போட்டார்கள். அதைக் கேட்பதற்கென்றே, கார் ஓட்டாதவர்கள்கூட ஒளிபரப்பைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போகும்போது, மாடிப்படியில் டாக்டர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"சார், சூறாவளின்னு ஒருத்தர் இருக்காரு, கேள்விப்பட்டீங்களா?"

சூப்பிரண்டு முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டார். "அப்படியா? யாரு அது?"

"தெரியலையே சார். என்னையே தூக்கி அடிச்சிட்டாரு. ஆனா பெரிய மூளை சார் அது!"

"கேக்கிறதுக்கு விவரமான ஆள் மாதிரிதான் தெரியுது" என்றார் சூப்பிரண்டு. மீதிப் படிகளை அவர் நடந்து ஏறியதாகச் சொல்ல முடியாது.

நான்காவது புகார் பிரம்மாஸ்திரம். "எல்லாம் டீச்சரே முடிவு பண்றாங்க. புகாரை விசாரிக்க இந்த அமைப்புக்கு வெளியே இருந்து, அனுபவம் உள்ள ஒருத்தர் வேணும். இல்லாட்டி நாங்க எல்லாரும் வெளியேறுவோம்!" 'நாங்க' என்பதில் இருந்தது அவர் ஒருவர்தான். ஆனாலும் கர்ஜனை பிரமாதமாக இருந்தது.

இதற்கு டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. "இறுதிப் போட்டியன்னிக்குச் சொல்றேன்" என்றாள். மாட்டிக்கொண்டாள் என்று சூப்பிரண்டு மகிழ்ந்தார்.

இறுதிப் போட்டி நாள். ஹால் முழுக்க விளக்கு. சூப்பிரண்டு நல்ல சட்டை போட்டுக்கொண்டு, அமைப்பு உடையும் காட்சியைக் கண்குளிரப் பார்க்க வாசற்படி ஓரமாக நின்றார். போட்டி முடிந்தது. பஸ் டிப்போவைத் தையல்கடைக்காரி தோற்கடித்தாள். டீச்சர் மைக்கை வாங்கினாள்.

"நம்ம அமைப்புக்குப் புகார்க் குழுத் தலைவர் ஒருத்தரைத் தேர்ந்தெடுத்திருக்கோம். அனுபவசாலி. இவரு சொன்ன ஒவ்வொண்ணையும் கேட்டுத்தான் நாம வளர்ந்தோம். சூறாவளி அவர்களே, முன்னாடி வாங்க!"

கேமரா திரும்பியது. அவரைப் பார்த்து நின்றது.

"நானா? யாரு சூறாவளி? எனக்கு ஒண்ணும் தெரியாதே!" என்று பதறினார் சூப்பிரண்டு.

டீச்சர் கையிலிருந்த செல்போனைத் தட்டினாள். கைக்குட்டைக் குரல் ஹால் முழுக்க ஒலித்தது. "...தவளை மாதிரி தாவித் தாவி வந்து அடுத்தவனை இடிக்குது! கேக்க ஆளில்லையா?" அதன் பின்னாலேயே தடதடவென்று கதவு. "என்னங்க, இன்னும் எவ்வளவு நேரம்? அந்தத் தண்ணிய மூடுங்க!" "வர்றேன், வர்றேன்!"

நர்ஸம்மா மைக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். டாக்டர் வைக்காமலே சிரித்தார். கடல் தாண்டிய ஊர்களிலிருந்தெல்லாம் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

"முதல் புகார்லயே தெரிஞ்சுபோச்சா?" என்றார் சூப்பிரண்டு, ஈனஸ்வரத்தில்.

"எல்லாருக்கும் தெரியுங்க. அடுத்த புகார் எப்ப வரும்னு எல்லாரும் காத்துக்கிட்டிருந்தாங்க. பாதிப் பேர் சேர்ந்ததே அதைக் கேக்கத்தான்." பிறகு மைக்கை விலக்கிவிட்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "ஆனா நீங்க சொன்ன நாலும் நியாயம். எனக்கு ஒண்ணுகூடத் தோணல."

கண்ணில் நீர் வரச் சிரித்திருந்தாள். அதைப் பார்த்ததும் சூப்பிரண்டுக்கு இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தலைவர் என்ற சொல்லும் காதில் இனிமையாகத்தான் விழுந்தது. ஆபீஸில் இத்தனை வருஷத்தில் ஒருவரும் அவருக்குக் கைதட்டியதில்லை. மெல்ல நிமிர்ந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தலைவருக்கு ஒரு அதிகாரம் என்று இருக்குமே என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது.

"சரி, ஒத்துக்கறேன்" என்று கம்பீரமாகத் தொண்டையைச் செருமினார். "தலைவரோட முதல் உத்தரவு. இனிமே ஞாயித்துக்கிழமை பந்தயத்துக்கு லீவு!"

"உத்தரவு தாராளமா போடுங்க" என்றாள் மனைவி. "ஆனா தலைவர் எதைச் செஞ்சாலும் முதல்ல செயலாளரை ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் செய்யணும்."

"செயலாளர் யாரு?"

"நான்தான்."

"இது எப்ப போட்ட விதி?"

"நம்ம கல்யாணத்தன்னிக்கு."