உயிரோடிருந்தவருக்கு ஒரு நிமிட மௌனம்

பிள்ளைகளே, மைக்கைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விருது விழாவில் நடந்ததற்காக வெட்கப்படச் சொன்னால், மாட்டேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, எங்கள் தீவில் கரம்பொனிலிருந்து சரவணை வரைக்கும் மரண அறிவித்தல் சொல்வது. (என் குரல் கேட்டால் சனம் அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுக்கும். எந்த நடிகனுக்கு அந்த மரியாதை?)

எங்கள் வாசிகசாலை, மூத்த திரைப்பட இயக்குநர்களுக்கு விருது கொடுக்கத் தொடங்கிய வருடம் அது. முதல் விருது, எண்பது தாண்டிய எங்கள் ஊரவர் ஒருவருக்கு. நிகழ்ச்சியை அறிவிக்க வேண்டிய ஆசிரியர் நெடுந்தீவில் அகப்பட்டுவிட்டார். கடல் கொந்தளித்துப் படகு ஓடவில்லை. நான் கையை உயர்த்தினேன்.

வாசிகசாலைச் செயலாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது செத்தவீட்டு அலுவல் இல்லை, காணும். உமக்கு ஏலாது."

"ஏன் ஏலாது? எட்டாம் வகுப்போட நிண்டனான் எண்டோ?"

மூத்த மகளே, நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். உன் முன்னால் பின்வாங்க முடியுமா? வேறு ஆள் கிடைக்காமல், அறிமுகம் எழுதிய தாளைச் செயலாளர் என் கையில் திணித்தார்.

மண்டபம் நிறைந்தது. இயக்குநர் ஐயா முன்வரிசைக் கதிரையில், பட்டுவேட்டியோடு. மேடை ஏறியதும் என் கைவியர்வையில் தாள் நனைந்து எழுத்தெல்லாம் ஊறிவிட்டது. வாய் மட்டும் நிற்கவில்லை. இருபது வருடம் பழகிய வழியில் தானாகப் புறப்பட்டது.

"கரம்பொனைப் பிறப்பிடமாகவும் கொழும்பை வசிப்பிடமாகவும் கொண்ட, அமரர்..."

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். (நிறுத்தத் தெரிந்தவன் மைக் பிடிப்பானா?) "அன்னாரின் ஆத்மா சாந்தியடைய ஒரு நிமிட மௌனம்" என்று முடித்தேன்.

என் குரலுக்குப் பழகிய சனம் அல்லவா, மண்டபமே எழுந்து தலை குனிந்தது. காது மந்தமான இயக்குநர் ஐயாவும் எழுந்து, தலை குனிந்து, பக்கத்தில் நின்ற செயலாளரிடம் மெல்லக் கேட்டார்:

"ஆர் தம்பி மோசம் போனது?"

"நீங்கள்தான் ஐயா."

மகளே, நீ அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாய். ஐயா தட்டுத்தடுமாறி மேடை ஏறி, மைக்கை என் கையிலிருந்து பறித்தார்.

"இவன் சொன்னது சரி! பதினைஞ்சு வருசமா ஒருத்தரும் என்னைப் படம் எடுக்கச் சொல்லிக் கேட்கேல்லை. கிழவனுக்கு விருது குடுக்கிறது, இனி வீட்டில இரு எண்டு சொல்லத்தான். நீங்கள் பொன்னாடைக்குள்ள மூடிச் சொன்னதை இவன் மைக்கில சொல்லிப்போட்டான். ஆனா நான் வீட்டில இருக்கமாட்டன். இன்னும் ஒண்டு எடுப்பன்!"

முதலில் கைதட்டியது சேலைக்குள்ளிருந்து வெளியே வந்த நீதான்.

எடுத்தார். அடுத்த வருடமே, அல்லைப்பிட்டிக் கடற்கரையில். அதில் மரண அறிவித்தல் சொல்பவனாக நான். கூட்டத்தில் தலை குனிந்து நிற்பவராகச் செயலாளர்!

இப்போதும் வீட்டில் நான் பேச வாயெடுத்தால் நீங்கள் மூவரும் எழுந்து தலை குனிகிறீர்கள். நில்லுங்கள், நன்றாக நில்லுங்கள். நான் ஒரு நிமிடத்தில் முடிப்பவன் இல்லை.