பன்னிரண்டு சன்னல் மண்டபம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வெறும் வாய்ச் சத்தியமும் அல்ல. முத்திரை குத்திய சான்றிதழே இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் கதை முடிந்தபின் வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏழு மலைக்கும் ஒரு சதுப்புக்கும் அப்பால் கோணவாசல் என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டு அரசருக்குக் கட்டடம் கட்டுவதென்றால் உயிர். கட்டியதற்குப் பணம் கொடுப்பதுதான் கொஞ்சம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. கல்லும் மணலும் சுண்ணாம்பும் கொடுத்தவர்கள் கருவூலத்து வாசலில் பில்லோடு நின்று நின்று, நின்ற இடத்தில் புல் முளைக்காமல் போயிற்று. உள்ளே மூன்று எழுத்தர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு பில்லிலும் மூன்று பிழை கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சட்டம். பிழை இல்லாத பில்லைக் கொண்டுவந்தவன் லஞ்சம் கொடுத்தவன் என்று அர்த்தம்.

வாசல் துறை அமைச்சர் நற்குணவீரருக்கு ஒருநாள் ஞானம் பிறந்தது. "மகாராஜா, தாமதத்துக்குக் காரணம் எழுத்தர்கள். எழுத்தர்களை எடுத்துவிட்டால் தாமதம் எங்கே போய் உட்காரும்?" என்றார். அரசர் யோசித்துப் பார்த்தார். தாமதத்துக்கு உட்கார இடமே இல்லைதான்.

இப்படியாகத்தான் தன்சேவை மண்டபம் எழும்பியது. பன்னிரண்டு சன்னல். இனி வியாபாரிகள் தங்கள் பில்லைத் தாங்களே பதிந்து, தாங்களே சரிபார்த்து, தாங்களே பணம் பெற்றுக்கொள்வார்கள். வந்த சரக்கை எண்ணிச் சான்று தரும் மேஸ்திரியை வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை போன மூன்று எழுத்தர்களும் அதே சம்பளத்தில் வழிகாட்டிகள் ஆனார்கள். சன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கை காட்டுவது அவர்கள் வேலை. மூவருக்குக் கை வலித்ததால் இன்னும் ஆறு பேரைச் சேர்த்தார்கள்.

அந்த மண்டபத்துக்குச் செங்கல் கொடுத்தவள் பொன்னுருவி. ஆற்றங்கரையில் சூளை வைத்திருந்தாள். எண்பதாயிரம் கல், ஒன்றுகூட மூளி இல்லை. அதற்கான பில்லை அதே மண்டபத்தில்தான் அவள் கொடுத்தாக வேண்டும். அவளுக்கு அவசரம் இருந்தது. சூளையில் ஒரு லட்சம் பச்சைக் கல் அறுத்துக் காயவைத்து அடுக்கியிருந்தாள். சுடாத கல் மேல் மழை விழுந்தால் ஆறு மாத உழைப்பு சேறாகிவிடும். சுடுவதற்கு விறகு வேண்டும். விறகுக் கடை சங்கிலி, பழைய பாக்கியைத் தீர்க்காமல் ஒரு சுள்ளிகூடக் கிடையாது என்று சொல்லிவிட்டான். மழைக்கு இருபது நாள் இருந்தது.

இருபது நாள் போதும் என்றுதான் பொன்னுருவி நினைத்தாள். எதற்கும் கலங்குகிற ரகம் இல்லை அவள். முதல் சன்னலில் பில்லை நீட்டினாள். வாங்க ஆள் இல்லை. வழிகாட்டி ஒருவன், பின்பக்கமாகச் சுற்றிப் போய் உட்கார்ந்து வாங்கிக்கொள்ளும்படி கை காட்டினான். ஓடிப்போய் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து பார்த்தால் வெளியே நீட்ட ஆள் இல்லை. இப்படி நாலு தடவை ஓடியபின், பில்லை விளிம்பில் வைத்து மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போய் எடுத்துக்கொண்டாள். வெளியே நின்றிருந்த நேரத்தில் உள்ளே நாற்காலி காலியாக இருந்ததற்காக எழுத்தர் என்ற முறையில் அவளுக்கு அபராதம் விழுந்தது.

மூன்று பிழைச் சட்டத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை. தன் பில்லில் தானே பிழை தேடினாள். மை வெளிறியிருப்பதை எழுதினாள். ஓரம் மடங்கியிருப்பதை எழுதினாள். மூன்றாவது கிடைக்காமல் அரைநாள் உட்கார்ந்திருந்துவிட்டு, 'கொண்டுவந்தவளுக்குத் திமிர்' என்று எழுதிப் பில்லைத் திருப்பியனுப்பினாள். பிறகு வெளியே வந்து வாங்கிப் படித்தாள். கோபம் வந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டு, 'திமிர் நீக்கப்பட்டது' என்று விளக்கம் எழுதிக் கொடுத்தாள்.

இப்படிப் பதினோரு சன்னல் தாண்டுவதற்குள் பதினான்கு நாள் போயிற்று. நடுவில் அமைச்சர் மூன்று ஆணைகள் வெளியிட்டார். சன்னல் பராமரிப்புக் கட்டணம் வந்தது. எழுத்தர் வேலையை இலவசமாகக் கற்றுக்கொள்வதால் கல்விக் கட்டணம் வந்தது. இரண்டையும் செலுத்தப் பதின்மூன்றாவது சன்னல் ஒன்று வந்தது.

சுண்ணாம்புக்கார மாசாணம் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றான். அவனுடைய பில்லில் மூன்றாவது பிழையாக அவன் பெண்சாதி பெயரை எழுதியிருந்தான். "யக்கா, பன்னெண்டாவது சன்னல்ல பெட்டியே வச்சிருக்காங்களாம். நாமளே தொறந்து எடுத்துக்கலாமாம்" என்றான்.

பெட்டி இருந்தது; பூட்டும் இல்லை. பொன்னுருவி திறந்தாள். உள்ளே ஒரு பலகை மட்டும் கிடந்தது. 'வியாபாரிகள் தங்கள் தொகையைத் தாங்களே வைத்து, தாங்களே எடுத்துக்கொள்ளவும்.'

மாசாணம் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். பொன்னுருவி பலகையை இரண்டு முறை படித்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே அமைச்சரிடம் போனாள். மாசாணமும் பின்னாலேயே போனான்.

அமைச்சர் கோபப்படவில்லை. பில்லைத் தொலைவில் பிடித்துப் பார்த்தார். "அம்மணி, அமைப்பில் குறை கிடையாது. நீர் கொடுத்த கல் வந்து சேர்ந்ததென்று யாரும் சான்று தரவில்லை. அதனால்தான் பெட்டி உம்மை மதிக்கவில்லை."

"சான்று தர்ற மேஸ்திரியத்தான் வீட்டுக்கு அனுப்பிட்டீங்களே, ஐயா."

"ஆகவே நீரே சான்று தரலாம். தன்சேவை."

பொன்னுருவி பில்லைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டாள். "எண்ணாம எப்படிச் சான்று குடுக்கறது?"

"எண்ணும். யார் தடுத்தது? எண்ணுவது வியாபாரியின் உரிமை."

"செவத்துக்குள்ள இருக்கறதையும் எண்ணணுமே."

"சுவருக்குள் இருப்பதைத்தான் முக்கியமாக எண்ண வேண்டும். வெளியே தெரிவதை யார் வேண்டுமானாலும் எண்ணுவார்கள்."

"எண்ணின கல்ல எங்க வைக்கட்டும்?"

அமைச்சருக்கு மதிய உணவு நேரம் ஆகிவிட்டது. "உமக்கு எங்கே வசதியோ அங்கே வையும்" என்று சொல்லி, அதையே ஆணையாக எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

மறுநாள் விடியும்போது மண்டபத்து வாசலில் இருபது வண்டிகள் நின்றன. வழிகாட்டிகள் ஆணையைப் படித்துவிட்டு, சுவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கை காட்டினார்கள். கடப்பாரை பிடித்தவர்கள் கல் உடைந்துவிடுமோ என்று பயந்தார்கள். முதல் வரிசையே பணியாரம் போலக் கழன்று வந்தது. பொன்னுருவி திரும்பி மாசாணத்தைப் பார்த்தாள்.

"என்னப்பா இது, சுண்ணாம்பே இல்ல, எல்லாம் மணலா இருக்கு?"

மாசாணம் தரையைப் பார்த்தான். "பாதிப் பணம் வந்ததும் பாதிச் சுண்ணாம்பு போடலாம்னு இருந்தேன்க்கா. பணம் வரல."

"நீ நல்லாயிருப்பே" என்றாள் அவள், மனதார.

நான்கு நாளில் எண்பதாயிரம் கல்லையும் எண்ணி முடித்தார்கள். ஒன்றுகூடக் குறையவில்லை. அமைச்சரின் ஆணைப்படி அவளுக்கு வசதியான இடம் சங்கிலியின் கடைக்குப் பின்புறமாக இருந்தது. விறகை நனையாமல் அடுக்கிவைக்க அவனுக்கு ஒரு கிட்டங்கி கட்டக் கல் வேண்டியிருந்தது. பழைய பாக்கிச் சீட்டைக் கிழித்துப் போட்டு, புதுவிறகு முப்பது வண்டி ஏற்றினான். பத்தொன்பதாம் நாள் சூளைக்குத் தீ வைத்தார்கள். இருபதாம் நாள் பெய்த மழை சூளையின் மண்பூச்சு மேல் விழுந்து ஆவியாகி எழும்பியது. உள்ளே கல் சிவந்துகொண்டிருந்தது. பொன்னுருவி தாழ்வாரத்தில் உட்கார்ந்து சுடச்சுடக் கஞ்சி குடித்தாள்.

அன்றைக்குத்தான் அரசர் மண்டபத்தைப் பார்க்க வந்தார். வெட்டவெளியில் ஒன்பது வழிகாட்டிகள் ஒன்பது திசையில் கை காட்டிக்கொண்டு நனைந்தார்கள். நடுவில் கிடந்த பெட்டியில் தண்ணீர் நிரம்பியிருந்தது.

அமைச்சர் நெஞ்சை நிமிர்த்தினார். "மகாராஜா, வரிசை இல்லை. காத்திருப்போர் இல்லை. கொடுபடாத பில் ஒன்றுகூட இல்லை. சுவரையே ஒழித்துவிட்ட உலகின் முதல் அலுவலகம் இதுதான்."

அரசர் கண் கலங்கி, ஊருக்கு ஒன்றாக இப்படி நூறு மண்டபம் கட்ட உத்தரவிட்டார். செங்கல் கேட்டு ஆள் வந்தபோது பொன்னுருவி ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "முன்பணம்."

திட்டம் அரசருக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. அடுத்த தை மாதம் நாட்டில் தேர்தல் வந்தபோது அதையும் தன்சேவை முறையிலேயே நடத்தினார். புதிதாகக் கட்டிய மண்டபம் ஒன்றில் சன்னலுக்கு வெளியே நின்று அரசரே வாக்கை நீட்டினார். சுற்றிப் போய் உட்கார்ந்து அரசரே வாங்கினார், அரசரே எண்ணினார். மூன்று பிழை கண்டுபிடிக்கும் சட்டம் அந்த ஒருநாள் மட்டும் தளர்த்தப்பட்டிருந்தது. குடிமக்கள் வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சன்னல் பராமரிப்புக் கட்டணம் அவர்களிடம்தான் வசூலிக்கப்பட்டது.

ஆரம்பத்தில் சொன்ன உண்மைச் சான்றிதழ் அந்த மண்டபத்தின் ஏழாவது சன்னலில் வாங்கியது. அதில் விண்ணப்பித்தவர், விசாரித்தவர், சரிபார்த்தவர், முத்திரையிட்டவர் என்ற நான்கு இடத்திலும் இந்தக் கதையைச் சொன்னவரின் கையெழுத்துதான் இருக்கிறது.