ஹாரன்காரரின் புகைபோக்கி

பேருந்து ஓட்டுநரின் குணத்தை ரொட்டியின் நிறத்தை வைத்தே சொல்லிவிட முடிந்த ஊர் உலகத்திலேயே எங்கள் கொல்லிமலை ஒன்றுதான். அந்தப் பெருமை முழுவதும் ஹாரன்காரரையே சேரும்.

மலைப்பாதையின் கடைசி வளைவு தாண்டியதும், பாறையை ஒட்டிய தகரக் கூரையின் கீழ் அவர் பேக்கரி நடத்தினார். கடையில் கடிகாரம் இருந்தது. அவர் அதை நம்பவில்லை. கீழே ஐம்பதாவது வளைவில் பேருந்தின் ஹாரன் கேட்டதும் ரொட்டித் தட்டுகளை அடுப்புக்குள் தள்ளுவார். பேருந்து கடை முன்னால் வந்து நின்றதும் வெளியே இழுப்பார். ஓட்டுநர் நிதானமானவர் என்றால் ரொட்டி கருஞ்சிவப்பு. வேகக்காரர் என்றால் காய்ச்சல் கண்டதுபோல் வெளிறியிருக்கும். ஒருநாள் பாதையில் மரம் விழுந்து பேருந்து ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. ஹாரன்காரர் எடுத்ததெல்லாம் கரி.

எதிரே இருந்த பள்ளியில் நான் எழுத்தர். "தட்டை வெளியில எடுத்திருக்கலாமே?" என்று மறுநாள் கேட்டேன்.

"எப்படிங்க சார் எடுக்கறது? பஸ்ஸு அப்ப வரலீங்களே!"

மாவு பிசைந்துகொண்டிருந்த அவர் மனைவி சிரித்தார். அவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றே அழைப்போம். "இந்த மனுசனுக்குக் காது ரோட்டுல, கண்ணு அடுப்புலங்க. பொண்டாட்டி எங்க இருக்கான்னுதான் தெரியாது" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

அந்த இருமலுக்கு வயது நான்கு. கடைக்குப் பின்னால் பாறை. விறகடுப்பின் புகை போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றியது. இனிமேல் அக்கா புகையில் நிற்கவே கூடாது என்று நாமக்கல் டாக்டர் சொல்லிவிட்டார். "நான் நிக்கலைன்னா இவரு மாவுல உப்புக்குப் பதிலா சோடாவைக் கொட்டிருவாருங்க" என்று அக்கா மறுநாளே வந்து நின்றார்.

ஹாரன்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். வளப்பூர் நாடு என்ற பக்கத்து ஊருக்குப் போகும் பாதையில் அவர்களுக்குத் திறந்த மேட்டு நிலம் கொஞ்சம் இருந்தது. கடையை அங்கே மாற்றி, உயரமான புகைபோக்கி வைத்த அடுப்பு கட்ட வேண்டும். அதற்கு வங்கிக் கடன் வேண்டும். கடை அக்காவின் பெயரில் இருந்ததால் விண்ணப்பமும் அக்காவின் பெயரில். எழுதியது நான்.

முதல் தடவை நாங்கள் இருவரும் வங்கிக்குப் போனபோது ஹாரன்காரர் தோளில் ஒரு முழுப் பலாப்பழம் இருந்தது. மேலாளர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"இதெல்லாம் கொண்டு வரக் கூடாதுங்க. லஞ்சம்னு சொல்லிடுவாங்க."

"ஏனுங்க, ஒருத்தர் ஊட்டுக்கு வெறுங்கையோடயா வர்றது?"

"இது வீடு இல்லைங்க, பேங்க்."

"உள்ள நீங்க இருக்கறீங்கல்லங்க?"

பழத்தை வாசல் பெஞ்சின் கீழே வைத்துவிட்டு வந்தோம். மூன்று நாள் வங்கி முழுக்கப் பலா வாசனை என்று காவலாளி பிறகு சொன்னார். விண்ணப்பத்தில் புகைப்படம் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை வாழைத்தாருடன் போனோம். நில வரைபடம் இல்லை. மூன்றாம் தடவை ஒரு படி மிளகு. அப்போது அடுப்புக்கு விலைப்பட்டியல் கேட்டார்கள்.

"அடுப்பை எந்தக் கம்பெனியில வாங்கப் போறீங்க?" என்றார் மேலாளர்.

ஹாரன்காரர் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தார். "இந்தக் கம்பெனிதானுங்க."

மேலாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கைகளுக்குக் கொத்தனாரிடம் மதிப்பீடு வாங்கி வர ஒரு மாதமானது. பிறகு மேலாளர் கடையைப் பார்க்க வந்தார். "புது இடத்துல ஹாரன் கேக்காதே, என்ன செய்வீங்க?" என்றார்.

ஹாரன்காரர் குரலைத் தாழ்த்தினார். "நெசத்தைச் சொல்லட்டுங்களா? இப்பவும் ரொட்டி தீயறதுக்குள்ள வாசம் புடிச்சு அவதான் எடுக்கச் சொல்றா. நான் ஹாரன்னு சொல்லிக்கறேன். மரம் விழுந்த அன்னிக்கு அவ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாளுங்க."

நான்கு வருடமாக எதிரே இருந்தவன் நான். எனக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

கடன் அனுமதியாகிவிட்டது, அக்கா வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று வங்கியிலிருந்து கடிதம் வந்தது ஐப்பசி மழையில், ஒரு வியாழக்கிழமை. அக்கா அதற்கு ஒன்பது நாள் முன்பே போய்விட்டிருந்தார்.

விண்ணப்பதாரர் இல்லாததால் எல்லாவற்றையும் புதிதாக எழுதித் தர வேண்டும் என்றார்கள். முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஹாரன்காரர் புதுப் படிவத்தோடு என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் வேறொன்றும் இல்லை. பெயர், வயது, முகவரி எழுதினேன். கடையை இடம் மாற்றக் காரணம் என்ன என்று கேட்டிருந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது.

"வேணாம்னா விட்டுடலாம்ங்க" என்றேன். "அக்காவுக்காகத்தானே கேட்டோம்."

அவர் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, அந்தக் காலி இடத்தில் விரலை வைத்தார்.

"இப்ப மவனோட கீழ இருந்து வந்து மாவு பெசையறது மருமவளுங்க, சார். அந்தப் புள்ளையும் மூச்சு உடணுமில்லீங்களா? அதை எழுதுங்க."

விண்ணப்பம் எழுதுவதற்கென்று ஒரு தமிழ் இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் அதை விட்டுவிட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். மேலாளர் அதைப் படித்துவிட்டு வேறு எதுவும் கேட்கவில்லை.

தை மாதம் மேட்டு நிலத்தில் கடை திறந்தது. புகைபோக்கி பக்கத்துச் சில்வர் ஓக் மரத்தின் பாதி உயரம் இருக்கும். தினமும் காலையில் அடுப்பு பற்றியதும் ஹாரன்காரர் வெளியே வந்து, புகை மேலே போவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த நேரத்தில் ரொட்டி வாங்க வருகிறவர்கள் யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. நானும் சற்றுத் தள்ளியே நின்றுகொள்கிறேன்.