அக்கரைக்குப் போன குடைகள்

உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் யோசனை வரட்டும். என் ஹாஸ்டல் நண்பன் 'கம்பெனி'க்கு வந்தால்தான் எனக்கு ஆபத்து. எந்நேரமும் தொழில் தொடங்கும் பேச்சுதான் என்பதால் அந்தப் பெயர். அவனுடைய நிஜப் பெயரை ஹாஸ்டல் வார்டனே மறந்துவிட்டார்.

போன திங்கட்கிழமை மட்டாஞ்சேரி படகுத்துறையில் திடீர் மழை. எர்ணாகுளம் போக நின்ற கூட்டம் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடியது. கம்பெனி மட்டும் ஓடாமல் என் சட்டையைப் பிடித்தான்.

"டேய், இக்கரையிலே குடை எடுக்கணும், அக்கரையிலே திருப்பிக் கொடுக்கணும். வாடகைக் குடை! கேட்டயா?"

"கோயம்புத்தூர் வேலைக்கு வெள்ளிக்கிழமைக்குள்ளே பதில் போடணும். அதைக் கேட்டயா?"

"ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம். ஓடினா, வேலை வேண்டாம்னு எழுதிடறேன். பேடிக்காதே."

பயப்படாமல் எப்படி? அரிசிக் கிடங்கில் வேலை பார்க்கும் அவன் அப்பா, மகனுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் பஜார் முழுக்க லட்டு கொடுத்து முடித்திருந்தார்.

மூலதனம் ஹாஸ்டலிலேயே கிடைத்தது. அறை அறையாகப் போய், "இனிமே நீ பங்குதாரர்" என்று கைகுலுக்கிவிட்டுக் குடையை எடுத்து வந்தான். கொட்டும் மழையில் ஹாஸ்டல் முழுக்கப் பங்குதாரர்கள்; ஒருவரிடமும் குடை இல்லை.

வியாழன் காலை மழையில் வியாபாரம் அமோகம். முதல் படகிலேயே குடைகள் தீர்ந்துபோயின. எடுத்தவர்கள் யோக்கியர்கள், அக்கரையில் நாங்கள் சொல்லிவைத்திருந்த சாயாக்கடையில் ஒன்றுவிடாமல் ஒப்படைத்தார்கள்.

மாலையில் அக்கரையில் பளீரென்று வெயில். குடையைத் தொட ஆளில்லை. படகு இக்கரையை நெருங்கியபோது பொத்துக்கொண்டது வானம். இறங்கியவர்களில் ஒருவர் எங்கள் 'வாடகைக் குடை' பலகையைப் பார்த்தார்.

"மோனே, குடை எவிடே?"

"அக்கரையிலே, சேட்டா."

"அப்போ இந்த மழையையும் அங்கே கொண்டுபோய் விடு!"

அடுத்த படகில் போய், எல்லாவற்றையும் கம்பெனியே சுமந்து வந்தான், முள்ளம்பன்றி மாதிரி. தொப்பலாக நனைந்திருந்தான்.

"ஒண்ணை விரிச்சிருக்கலாமேடா?"

"அதெல்லாம் வாடிக்கையாளருக்கு."

ஹாஸ்டல் படியில் உட்கார்ந்து ஃபோனை எடுத்தான்.

"வேண்டாம்டா, ஓடலியே" என்றேன்.

"ஓடித்துடா. ஒரு பக்கமாத்தான் ஓடித்து. சாயந்திரம் அக்கரையிலேர்ந்து குடையைத் திரும்பக் கொண்டுவரவாளுக்கு ஒரு சாயா ஃப்ரீ. சரியாப்போச்சு!"

வேலை வேண்டாம் என்ற மெயிலை அனுப்பியே விட்டான். அனுப்பியதும் ஃபோனைப் படியில் கவிழ்த்து வைத்தான். அதற்கு முன் அவன் பயந்து நான் பார்த்ததே இல்லை.

"அப்பாகிட்டே நீ சொல்றியா?" என்றான், மெதுவாக.

இன்று மாலை அக்கரையில் நின்று, வெயிலில் போகிறவர்களைக் குடை எடுக்கச் சொல்லிக் கூவ வேண்டும். கூட்டத்தைக் கண்டால் எனக்குக் குரலே எழும்பாது. ஆனாலும் போகிறேன். அது முடிந்ததும் அவன் அப்பாவிடம் சொல்ல அரிசிக் கிடங்குக்கும் அவனோடு போவேன். இவனைத் தனியாக விட முடியுமா?