நல்ல மைதானத்தில் உள்ள ஆபத்து

எங்கேயாவது தப்பாகச் சொல்லிவிடப் போகிறோம் என்று துர்காவுக்குப் பயம். சொல்ல வேண்டியது ஒரே வரிதான். பெண்கள் கபடி ஆடும் இடத்தில் தண்ணீர் தேங்குது, மண் அடித்துக் கொடுங்கள். ஆனால் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் ஆபீஸில் அதை எப்படிச் சொல்வது? மண்ணை முதலில் சொல்வதா, தண்ணீரை முதலில் சொல்வதா? சின்ன காஞ்சிபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறியதிலிருந்து அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

அவள் மகள் அனுதான் கபடி அணிக்குக் கேப்டன். வருகிற அமாவாசையன்று பெரிய போட்டி. தோற்றால் அணியையே கலைத்துவிடுவார்கள் என்று பேச்சு. அனு நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

'விளையாட்டு உணர்வு மேம்பாட்டுப் பிரிவு' என்று பலகை தொங்கிய அறையில் அலுவலர் பரசுராமன் அவளை மரியாதையாகவே வரவேற்றார்.

"உட்காருங்கம்மா. உங்களுக்குப் பிடிச்ச விளையாட்டுப் படம் எது?"

மண்ணும் தண்ணீரும் துர்காவின் தொண்டையிலேயே நின்றுவிட்டன.

"பேரு தெரியாதுங்க சார். ஒரு பொண்ணு காலுல செருப்புகூட இல்லாம ஓடும். கடைசியில ஜெயிச்சுடும்."

"ஏன் பிடிச்சுது?"

"பாவமா இருந்துச்சுங்க. அழுதுட்டேன்."

"சாயிரா, குறிச்சுக்கோங்க. பொதுமக்கள் கருத்தும் நம்ம ஆய்வும் ஒண்ணாவே இருக்குது."

எழுத்தர் சாயிரா பானு முகத்தில் ஒன்றும் காட்டாமல் குறித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். கோடைக்காலம் முழுவதும் அந்தப் பிரிவு, கடமையின் பொருட்டு, கதவைச் சாத்திக்கொண்டு விளையாட்டுப் படங்களாகப் பார்த்துத் தள்ளியிருந்தது. சிறந்த படங்கள் எதனால் சிறந்தவை ஆகின்றன என்பதைக் கண்டறிந்து, அதனை உரிய முறையில் களத்தில் நடைமுறைப்படுத்துவது என்பது மேலிடத்துக் கொள்கை முடிவு.

துர்கா தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஒருவழியாக மண்ணைப் பற்றிச் சொன்னாள். பரசுராமன் பதறிப்போனார்.

"மைதானத்தை நல்லாக்கறதா? எந்தப் படத்துலயாவது நல்ல மைதானத்துல ஆடினவங்க ஜெயிச்சுப் பார்த்திருக்கீங்களா? அவங்க யாரு, சொல்லுங்க."

"யாருங்க?"

"எதிரணி! பணக்காரப் பசங்க, ஒரே மாதிரி பனியன், பளபளன்னு ஷூ. கடைசியில தோத்துட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கினு போவாங்களே, அவங்கதான். உங்க பொண்ணை எதிரணி ஆக்கச் சொல்றீங்களா?"

துர்கா அவசரமாகக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயய்யோ, வேணாங்க சார்."

மறுநாளே நடவடிக்கை தொடங்கியது. மைதானத்தில் இருந்த ஒரே குடிதண்ணீர்க் குழாயும், அணியின் நலன் கருதி, அகற்றப்பட்டது. அடுத்து பயிற்சியாளர் குப்புசாமியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் ரிட்டையரான பஸ் கண்டக்டர், மோருக்கு மேல் எதையும் குடித்ததில்லை.

"உங்க வாழ்க்கையில பழைய தோல்வி ஏதாவது உண்டா? மனசை அரிச்சுக்கினே இருக்கிற மாதிரி?"

குப்புசாமி விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். "பத்தாவதுல கணக்குல போயிடுச்சு சார்."

"அரிக்குதா?"

"இதுவரைக்கும் இல்லை. நீங்க சொல்றதால வேணா அரிக்க விடறேன்."

பிறகு வீட்டுக்கு வந்தார்கள். துர்காவின் கணவர் மாணிக்கவேல் தறியில் இருந்தார். மகள் ஆடுவதற்குத் தகப்பன் தடை சொல்கிறாரா என்று பரசுராமன் கேட்டார்.

"இல்லைங்க. நான்தான் காலையில எழுப்பிக் கூட்டிக்கினு போறேன்."

"இடிக்குதே! நீங்க எதிர்க்கணும். கடைசி நிமிஷத்துலதான் மனசு மாறணும். அதுக்கு முன்னால மாறினா நாங்க பொறுப்பில்லை."

அன்றிலிருந்து மாணிக்கவேல் தறியில் நூல் ஓட்டும் நாடாவைப் போட்டு எடுக்கும் நேரத்திலெல்லாம் பழகினார். "ஏய் அனு! பொட்டச்சிக்கு இன்னா ஆட்டம்? வூட்டை வுட்டு வெளிய போன, காலை ஒடிச்சுடுவேன்! சரியா வந்துச்சா கண்ணு?"

"கண்ணுன்னு சொல்லக்கூடாதுப்பா," என்றாள் அனு.

அமாவாசை வந்தது. அன்றைக்குத் தறிக்கு விடுமுறை. போட்டி நடக்கும் பெரிய மைதானத்துக்குத் தெருவே பாப்கார்னும் கையுமாகத் திரண்டு வந்திருந்தது. எதிரணி வந்து இறங்கியது. ஒரே மாதிரி பனியன், பளபளக்கும் ஷூ. பார்த்ததுமே நம் ஜனங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோற்கப்போகிறவர்கள் அடையாளத்தோடு வந்துவிட்டார்களே!

முதல் பாதியில் நம் பெண்கள் கந்தலாகிப்போனார்கள். சேற்றில் பழகிய கால்களுக்குக் காய்ந்த தரை பிடிபடவில்லை.

"சரியாப் போகுது. இப்படித்தான் இருக்கணும்," என்றார் பரசுராமன்.

இரண்டாம் பாதி இன்னும் மோசம். கூட்டம் அசையவில்லை, கடைசி நிமிஷத்துக்காகக் காத்திருந்தது. கடைசி நிமிஷமும் வந்தது. மாணிக்கவேல் சொன்னபடி மனசு மாறி, ஓடிப்போய்க் கோட்டருகில் நின்று கத்தினார். அனு கபடி பாடிக்கொண்டு உள்ளே போனாள். நாலு பேர் சேர்ந்து அவளை அமுக்கினார்கள். விசில் ஊதிவிட்டது.

கூட்டத்துக்குக் கோபம் தலைக்கேறியது. சேற்று மைதானத்தின் மேலோ ஆபீஸின் மேலோ இல்லை.

"இன்னாப்பா கிளைமாக்ஸ் இது! ஒரு மழையாவது வந்திருக்க வேணாமா?" என்றாள் பக்கத்து வீட்டு அன்னம்மாள்.

அணியைக் கலைப்பது பற்றி முடிவெடுக்க மறுவாரம் கூட்டம் போட்டார்கள். அனு வாசல் பக்கம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பாதித் தெரு வந்திருந்தது. பரசுராமன் எழுந்து, இரண்டாம் பாகம் என்று ஒன்று இருப்பதால் அணி தொடரும் என்று அறிவித்தார். அனுவுக்கு மூச்சு வந்தது.

"ஆனா குறை எங்கன்னு கண்டுபிடிச்சாகணும். பயிற்சிக்குச் சேறு இருந்துச்சு. தண்ணி இல்லை. அப்பா எதிர்த்தாரு. பயிற்சியாளருக்குத் தோல்வி இருக்குது. அப்புறம் இன்னா இல்லை?"

சாயிரா பானு தலை நிமிராமல் சொன்னாள். "சார், எந்தப் படத்துலயும் அம்மா நல்லா இருக்கிறதில்லை."

"ஆமா! சிலதுல கட்டில்ல."

"பலதுல சுவத்துல, சார். மாலையோட."

அறையில் இருந்த அத்தனை தலையும் மெதுவாகத் துர்கா பக்கம் திரும்பியது.

"போட்டிக்கு டிபன் பாக்ஸ்ல புளிசாதம் கட்டிக்கினு வந்தியே, அப்பவே நெனச்சேன்," என்றாள் அன்னம்மாள். "பொண்ணு எதிர்காலம்னா சும்மாவாமா?"

துர்கா கணவரைப் பார்த்தாள். எதிர்ப்புத் தெரிவிக்க நன்றாகப் பழகியிருந்த மனுஷர், இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டில்னு போட்டுக்கோம்மா," என்றாள் துர்கா, சாயிராவிடம் அவசர அவசரமாக.

இப்போது வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு கயிற்றுக் கட்டில் கிடக்கிறது. ஆபீஸ் ஜீப் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டால் துர்கா தறியை விட்டுக் குதித்து ஓடி, நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுப் படுத்துக்கொள்கிறாள். அப்புறம் இருமுகிறாள். ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வரும் அன்னம்மாளுக்கும் சேர்த்துத்தான் இருமுகிறாள். தெருக்கோடிவரை கேட்கும்படி நன்றாகவே இருமுகிறாள். சுவருக்குப் போக அவளுக்கு இஷ்டமில்லை.