அந்தக் கல் வந்துகொண்டே இருக்கட்டும்

மதிப்பிற்குரிய டாக்டர் பெர்னார்தா ஓல்கின் அவர்களுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இங்கே உர்த்தாதோ பள்ளத்தாக்கில், வறட்சியும் முதுகுவலியும் அனுமதிக்கும் அளவுக்கு நலம். ஞாயிறு இதழில் தாங்கள் எழுதும் வானியல் பத்தியை முதல் வாரத்திலிருந்து விடாமல் வாசிப்பவன். அதில் இருந்த பிழைகளைச் சுட்டிக்காட்டி ஏழு கடிதங்கள் எழுதியவனும் நான்தான். ஒன்றுகூட அச்சில் வரவில்லை. நான் நில அளவையில் பட்டம் பெற்றவன், இருபத்தாறு வருடமாக எங்கள் வாய்க்கால் சங்கத்தின் செயலாளர். இதையெல்லாம் அந்த ஏழிலும் குறிப்பிட்டிருந்தேன். போகட்டும். இந்த எட்டாவது கடிதம் குறை சொல்வதற்கு அல்ல. நன்றி சொல்லவும், ஒரே ஒரு உதவி கேட்கவும்.

சென்ற ஞாயிறு பத்தியின் அடியில் "அடுத்த வாரம்: நம்மைப் பயமுறுத்திய கல் என்ன ஆனது?" என்று போட்டிருந்தீர்கள். தயவுசெய்து இந்த மாதம் இருபதாம் தேதி வரை அது என்ன ஆனது என்று யாருக்கும் சொல்லாதீர்கள். அன்றைக்கு என் அண்ணனுக்குக் கல்யாணம். அந்தக் கல் வராது என்று தெரிந்தால் அவன் கல்யாணமும் செய்துகொள்ள மாட்டான், என்னோடு பேசவும் மாட்டான்.

விளக்குகிறேன். என் அண்ணன் நொல்பெர்த்தோவுக்கு வயது அறுபத்து மூன்று, நூற்று நாற்பது ஆடுகள், அடுத்த வீடு. பதினோரு வருடத்துக்கு முன் அவன் மதகை நான் அளந்தேன். நான்கு விரல் அதிகமாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் என்பதற்காக அளவு மாறுமா? சங்கத்தின் பூட்டைப் போட்டேன். அவன் பூட்டை உடைத்தான், நான் புகார் கொடுத்தேன், அன்றோடு பேச்சு நின்றது. நின்றது என்றால் என்னிடம் நின்றது. எனக்குக் கேட்கும்படி ஆடுகளிடம் பேசுவான். "ஏய் படிச்சவளே, வேலிப் பக்கம் போகாத, அங்கிட்டு ஒருத்தன் உன் வாலையும் அளந்து புகார் எழுதிருவான்" என்று காலையில் முதல் வேலையாகச் சொல்வான். அந்த ஆட்டுக்கு வைத்திருந்த பெயரே 'செயலாளர்'. நானும் சும்மா இருக்கவில்லை. இந்தப் பதினோரு வருடத்தில் அவன் வாய்க்கால் கரை மீறல்களைத் தேதி வாரியாக எழுதி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் பிரதி அனுப்புகிறேன்.

இந்த நிலையில்தான் போன டிசம்பர் கடைசியில், எங்கள் மலைமேல் இருக்கிற தொலைநோக்கி அந்தக் கல்லைக் கண்டுபிடித்தது. இரண்டாயிரத்து முப்பத்திரண்டு டிசம்பரில் பூமியில் மோத நூற்றுக்கு ஒன்று வாய்ப்பு என்று பிப்ரவரியில் நீங்கள் எழுதினீர்கள். பள்ளிக்கூடத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். எங்கள் ஊர் வழக்கம் உங்களைப் போன்ற நகரத்தாருக்குத் தெரிந்திருக்காது: வழிதவறிய ஆட்டை யார் முதலில் பார்க்கிறானோ அவன்தான் அதைப் பிடித்துக் கட்ட வேண்டும்; கட்டாமல் விட்டு அது யார் கொல்லையை மேய்ந்தாலும் பார்த்தவன்தான் பொறுப்பு. நொல்பெர்த்தோ எழுந்து நின்றான். "கல்ல நம்ம மலையில இருந்துதான பாத்தாங்க? அப்போ நம்ம பொறுப்புதான். கொலம்பியாவுல விழலாம், ஆப்பிரிக்காவுல விழலாம், இந்தியாவுல விழலாம்ங்கிறாங்க. அந்தச் சனங்க நாளைக்கு வந்து, 'பாத்தீங்கல்ல, ஏன்யா கட்டிப் போடல'ன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றான். அந்த நாடுகளுக்கெல்லாம் முன்கூட்டியே மன்னிப்புக் கடிதம் எழுதுவது என்று பதினான்குக்கு மூன்று வாக்கில் தீர்மானம் ஆனது. படித்தவன் என்று என் தலையில் கட்டினார்கள். எழுதினேன். நல்ல கடிதம். விலாசம்தான் இல்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அவன் என்னைப் பார்த்து, "நல்லா எழுது" என்றான். பதினோரு வருடத்தில் முதல் வார்த்தை. வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு ஆனபோது வேலிமேல் ஒரு வட்டப் பாலாடைக்கட்டி இருந்தது. மூன்றைத் தாண்டிய அன்று அவனே கதவைத் தட்டி வந்து, சொல்லாமலே உட்கார்ந்து, ரொட்டியில் வெண்ணெய்ப்பழத்தை மசித்துத் தடவித் தின்றபடி, "தம்பி, ஏழு வருசம்தான் இருக்கு. மதகை நீயே அளந்து வச்சுக்க. நான் சுனில்தாவைக் கட்டிக்கலாம்னு இருக்கேன்" என்றான். சுனில்தா எங்கள் ஊரில் கடை வைத்திருப்பவள். பத்தொன்பது வருடமாக இவன் ஞாயிறுதோறும் அவள் வீட்டில் தேநீர் குடித்துவிட்டு, ஆடு காத்திருக்கிறது என்று எழுந்து வந்துவிடுவான்.

மார்ச் முதல் ஞாயிறு உங்கள் பத்தி வந்தது. காணாமல் போன ஆட்டை உதாரணம் காட்டியிருந்தீர்கள். மலை முழுக்கத் தேடும்போது அது உங்கள் தோட்டத்தில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு குளம்படி கிடைத்தால் பாதி மலையைத் தள்ளிவிடலாம், தோட்டம் மீதிப் பாதியில் இருப்பதால் வாய்ப்பு இரட்டிப்பாகும். ஆடு நெருங்கி வரவில்லை, தேடும் இடம்தான் சுருங்குகிறது. கடைசியில் இன்னொரு தடம் கிடைத்ததும் தோட்டமே தேடும் இடத்துக்கு வெளியே போய்விடும், வாய்ப்பு ஒரே நாளில் பூஜ்யத்துக்கு இறங்கும். கல்லின் பாதையும் அப்படித்தான், இனி அது பூமியில் மோதாது என்று எழுதியிருந்தீர்கள். நான் வாசித்ததிலேயே தெளிவான விளக்கம். சாயங்காலத்தில் ஆடு எப்போதும் மேட்டுப் பக்கம்தான் ஏறும், அதை விட்டுவிட்டீர்கள், ஆனாலும் தெளிவு. வாசித்து முடித்தேன், பேப்பரை மடித்து அடுப்பில் போட்டேன்.

ஆம். ஆறு மாதமாகச் சொல்லவில்லை. அவன் வானொலி கேட்பதில்லை, ஆட்டுக்குப் பால் சுரக்காது என்பான். வாரத்துக்கு ஒரு தடவை வேலிக்கு மேலே தலையை நீட்டி, "இப்ப எம்புட்டு?" என்பான். ஒரு மாதம் "அதே மூணுதான் அண்ணே" என்றேன். அப்புறம் நீங்களே எனக்கு உதவினீர்கள்: விண்வெளியில் இருக்கிற பெரிய தொலைநோக்கி அந்தக் கல்லை அளந்து அறுபது மீட்டர் என்று சொன்னதையும், அது சந்திரனில் மோத நூற்றுக்கு நான்கு வாய்ப்பு என்பதையும் எழுதினீர்கள். அன்றிலிருந்து "நாலு" என்கிறேன். அந்த ஒரு மாதம் தவிர, அளவில் நான் பொய் சொன்னதில்லை. சந்திரன் என்ற ஒரு சொல்லைத்தான் விட்டுவிட்டேன். அவன் "ஏறுதே" என்று பெருமூச்சு விட்டு, மறுநாள் எனக்கு இன்னொரு பாலாடைக்கட்டி கொண்டு வருவான். சட்டைப் பொத்தான் இறுகுகிறது.

ஜூனில் பக்கத்து மலையின் புதுத் தொலைநோக்கி சில இரவுகளிலேயே இரண்டாயிரத்துக்கு மேல் புதுக் கற்களைக் கண்டது என்று எழுதினீர்கள். ஜூலையில் எங்கள் மலையிலிருந்தே கண்ட வால்வெள்ளி, வேறெந்த நட்சத்திரத்தையோ விட்டுப் புறப்பட்டு வந்தது, சூரியனை ஒரு சுற்று பார்த்துவிட்டுத் திரும்பாமல் போய்விடும் என்று எழுதினீர்கள். கல்யாணம் நிச்சயமானதிலிருந்து சுனில்தா ஞாயிறு பேப்பர் வாங்கி அவனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறாள், நானும் கூட உட்கார்ந்திருப்பேன். வால்வெள்ளியைக் கேட்டுவிட்டு அவன், "அம்புட்டுத் தூரம் வந்துட்டு ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காமப் போகுதே, என்ன அவசரமாம்" என்றான். என்னைப் பார்த்துத்தான் சொன்னான். பதினோரு வருடம் அடுத்த வீட்டில் இருந்தவன் நான். உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.

ஆகவே அம்மா, உங்கள் அடுத்த பத்தியை அவள் வாசித்தால் எல்லாம் போய்விடும். நான் ஏமாற்றியது தெரியும். மதகு பழைய நிலைக்குப் போகும், சுனில்தாவிடம் ஆடு காத்திருக்கிறது என்று எழுந்து வந்துவிடுவான். எனக்கு ஐம்பத்தாறு வயது. என்னோடு இப்போது பேசுகிற ஆள் அவன் ஒருவன்தான். அந்த இரண்டாயிரத்தில் வேறு ஏதாவது ஒரு கல்லைப் பற்றி எழுதுங்கள். உங்கள் பத்தி எனக்கு ஒரு அண்ணனைக் கொடுத்தது. எந்த ஆராய்ச்சி மையமும் இதைக் கணக்கில் சேர்க்காது, நான் சேர்க்கிறேன். தங்கள் கண்ணும் கண்ணாடிகளும் நீண்ட காலம் தெளிவாக இருக்கட்டும், எங்கள் வானம் உங்களுக்கு என்றும் மேகமில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். கல்யாணப் பரிசாக வாதுமை மூட்டை கொடுக்க இன்று காலை சுனில்தா கடைக்குப் போனேன். மனசு தாங்காமல் அவளிடம் கொட்டிவிட்டேன். அவள் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொழுந்தனாரே, அவருக்கு பிப்ரவரியிலயே தெரியும்."

"எப்படி?"

"என் கடை ரேடியோவுலதான் கேட்டாரு. கேட்டுட்டு, 'தம்பிக்குச் சொல்லிராத, பயந்து போய்க் கிடக்கான், பயத்துலயாவது மனுசனாயிட்டான், கல்லு வரலன்னு தெரிஞ்சா மறுபடி அளவுகோலைத் தூக்கிருவான்'னாரு. வாரா வாரம் உங்ககிட்ட வந்து எம்புட்டுன்னு கேக்கிறது, நீங்க இன்னும் நம்புறீங்களான்னு பாக்கத்தான்."

"அப்போ கல்யாணம்?"

"அது கல்லைக் கேட்டா நடக்குது? நான் கேட்டேன், நடக்குது. ஞாயித்துக்கிழமை பேப்பர்ல அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் பாலாடைக்கட்டியைச் சுத்திக் குடுத்துருவேன், நீங்க போங்க."

ஆகவே டாக்டர், உண்மையைத் தாராளமாக எழுதுங்கள். இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தாலும் ஆட்சேபணை இல்லை. கையெழுத்து மட்டும் போடப்போவதில்லை. பெயர் இருந்தால் நாங்கள் இருவரும் பயம் தீர்ந்துவிட்டதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். பிறகு பேசுவதற்கு வேறு காரணம் தேட வேண்டும், எங்களுக்கு அதில் பழக்கம் இல்லை. பெயர் இல்லாவிட்டால் யாரோ எழுதியது என்று அவனும் சொல்லிக்கொள்ளலாம், நானும் சொல்லிக்கொள்ளலாம். பதினொரு மணி பஸ் வருகிற சத்தம் கேட்கிறது. இப்படியே, பெயரில்லாமலே, தபாலில் சேர்த்துவிடுகிறேன்.