முந்நூறுக்கு ஒன்று குறைவு

டூட்டிங் கடைவீதியில் இருந்த அந்த மின்சாமான் கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று, பத்மநாதன் விலைச் சீட்டை மூன்றாம் தடவையும் வாசித்தார். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பவுண். முந்நூறு என்று நேர்மையாகச் சொல்ல மனம் வராதவன்தான் ஒரு பவுணைக் குறைத்துப் போடுவான் என்பது அவருடைய முடிவு. அந்த ஒரு பவுணுக்குப் பின்னால் எதை ஒளித்திருக்கிறார்கள் என்று அறியாமல் வீட்டுக்குப் போவதாக இல்லை.

அது பிளேஸ்டேஷன் என்ற, ரெலிவிஷனில் பூட்டி விளையாடும் சாம்பல் நிறப் பெட்டி. 1995 நவம்பர் மாதம் அது. பெட்டி லண்டன் கடைகளுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

சந்தேகம் பத்மநாதனுக்குத் தொழில். காகிதக் கோப்பை விற்கும் ஒரு மொத்தக் கிடங்கில், வந்திறங்கும் பெட்டிகளை எண்ணிச் சரிபார்ப்பது அவர் வேலை. பதினொரு வருஷத்தில் இரண்டே இரண்டு தடவைதான் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. அந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டே மற்ற எல்லாப் பெட்டிகளையும் எண்ணினார். கோலியர்ஸ் வுட்டில் வீட்டுக்கு வந்த பிறகும் கை சும்மா இராது. மனைவி தவநாயகி வாங்கி வந்த முட்டைப் பெட்டியைத் திறந்து ஆறும் இருக்கிறதா என்று பார்ப்பார். எவராவது ஒரு சாமானை வாய் நிறையப் புகழ்ந்தால், அதை அவர் தொடவே மாட்டார். நல்ல சாமானுக்கு வாய் எதற்கு?

அதனால்தான் ஒக்டோபர் கடைசியில் அந்தப் பெட்டியை வாங்கும் பேச்சு வீட்டில் எடுபடவில்லை. மகள் நிரோஷாவுக்குப் பதின்மூன்று வயது. அவளுடைய சிநேகிதி ஒருத்தியின் வீட்டில் இந்தப் புதுப் பெட்டி வந்த நாள் முதல், பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போய்விடுகிறாள். குளிர்காலம் தொடங்கி ஐந்து மணிக்கு முன்பே இருட்டுகிறது. பெட்டி வீட்டில் இருந்தால் பிள்ளையும் வீட்டில் இருப்பாள் என்று தவநாயகி சொன்னாள். படம் அப்படி, சத்தம் இப்படி, அதுபோல ஒன்று உலகத்தில் இல்லை என்று தாயும் மகளும் ஒரு கிழமை முழுக்கப் புகழ்ந்தார்கள். அவர்கள் புகழப் புகழப் பத்மநாதன் இறுகிக்கொண்டே போனார்.

பிறகு ஒருநாள் தவநாயகி சோறு போட்டபடி சாதாரணமாகச் சொன்னாள்: "சரி, விடுங்கோ. விசாரிச்சுப் பாத்தன். உது உதவாத சாமானாம்."

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கிழமை நின்று போராடியவள் ஏன் திடீரென்று விட்டுக்கொடுத்தாள்? யாரிடம் விசாரித்தாள்? அந்தச் சந்தேகந்தான் சனிக்கிழமை பின்னேரம் அவரைக் கடை வாசலில் கொண்டுவந்து விட்டது.

கடையில் விற்பனையைக் கவனித்தவன் இளங்கோவன். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, படிப்பு முடிந்து, அந்தக் கடையிலேயே மனேஜராகிவிட்டவன். புகழத் தொடங்கினால் உடனே வெளியேறிவிடலாம் என்று காலை வாசல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே பத்மநாதன் பெட்டியைப் பற்றிக் கேட்டார்.

இளங்கோவன் தலையைச் சொறிந்தான். "வேணாம் அண்ணே. காசுக்குப் பிடிச்ச கேடு. விளையாட்டு தனியா வாங்கணும். விட்ட இடத்தை ஞாபகம் வச்சிருக்கிற அட்டை, அதுவும் தனி."

ஞாபகத்துக்கும் காசா என்று பத்மநாதன் கேட்டார். ஆமா என்றான் இளங்கோவன். வீட்டில் பழைய பெட்டி இருந்தால் அதுவே போதும் என்றும் சொன்னான்.

பத்மநாதன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து, விற்கமாட்டேன் என்று சொல்லும் விற்பனையாளனை அவர் கண்டதில்லை. நம்பவில்லை என்பதை அவர் முகமே காட்டியிருக்க வேண்டும். இளங்கோவன், காட்சிக்கு வைத்திருந்த பெட்டியையே, அதிலிருந்த கார்ப் பந்தயத் தட்டோடு கழற்றி ஒரு பையில் போட்டான். நாளைக்கு ஐந்து மணிக்குக் கடை பூட்டும். அதற்குள் திருப்பித் தந்தால் சரி. வீட்டில் பழையதோடு வைத்துப் பார்த்தால் அவரே வேண்டாம் என்பார் என்றான்.

ஒரு பொருளை விற்காமல் இருக்க ஒரு மனிதன் இவ்வளவு பாடுபடுவானா?

வழியில் அவர் நண்பன் குகதாசன் வீட்டில் ஏறினார். குகதாசன் வீடியோப் படங்களை வாடகைக்கு விடுகிறவன். ரெலிவிஷன், வீடியோ விஷயத்தில் ஊரே அவனைத்தான் கேட்கும். பையை எட்டிப் பார்த்த உடனேயே அவன் முகம் சுளித்தான்.

"அண்ணை, உதுக்குக் காசைக் கொட்டாதேங்கோ. என்ரை மெகா டிரைவைக் கொண்டுபோய்ப் பக்கத்திலை வைச்சுப் பாருங்கோ, விளங்கும்."

குகதாசன் ஒரு படக் கசெட்டை ஒரு நாள் கூடுதலாக இரவல் தராதவன். அவன் தன் விளையாட்டுப் பெட்டியான அந்த மெகா டிரைவைத் தானாகவே தூக்கித் தந்தான். பத்மநாதன் வாங்கிக்கொண்டார். சந்தேகத்தையும் சேர்த்துத்தான் சுமந்து வந்தார்.

வீட்டில் ஏற்கெனவே மாஸ்டர் சிஸ்டம் என்ற பழைய விளையாட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்பு, பழைய சாமான் விற்கும் கார் பூட் சேலில் முப்பத்தைந்து பவுணுக்கு வாங்கியது. இப்போது மூன்று பெட்டி, ஒரு ரெலிவிஷன், முன்னறைச் சுவரில் இருந்ததோ மின்சாரம் எடுக்க இரண்டே துளை. படிக்குக் கீழே ஒரு நீளமான வயர் கிடந்தது, நாலு துளையோடு. அதில் ஏதோ ஒன்று குத்தியிருந்தது. ஐந்து நிமிடத்துக்குத்தானே என்று அதைப் பிடுங்கிவிட்டு வயரை இழுத்து வந்தார்.

கிடங்கில் பெட்டி எண்ணும் தாளின் பின்பக்கத்தில் மூன்று கோடு கிழித்து ஒப்பீடு தொடங்கியது. மாஸ்டர் சிஸ்டத்தின் விளையாட்டுக் கட்டை மக்கர் செய்தால், வாயால் ஊதிச் செருகினால் உயிர் வந்துவிடும். அதற்குப் பத்துப் புள்ளி. மெகா டிரைவ் அதைவிட வேகம், ஊதவும் ஏலும், ஒன்பது. புதியதில் இசைத்தட்டுப்போல ஒரு தட்டு. ஊதினால் என்ன ஆகும் என்று தெரியாது. ஒரு கீறல் விழுந்தால் முடிந்தது. இரண்டு புள்ளி.

பிறகு கார்ப் பந்தயத்தைப் போட்டார். முதல் வளைவில் கார் திரும்பியபோது, பத்மநாதனின் வலது கால் கம்பளத்தில் பிரேக்கைத் தேடியது. மூன்றாவது வளைவில் உடம்பு முழுக்கச் சாய்ந்து மெகா டிரைவின் மேல் விழுந்தார். எழுந்து, தாளில் "பரவாயில்லை" என்று எழுதி, உடனே வெட்டினார்.

விலைக் கணக்கு இன்னும் மோசம். பழைய பெட்டி முப்பத்தைந்து பவுணுக்கு ஆறு வருஷம் உழைத்திருக்கிறது. அந்த விகிதத்தில் புதியது ஐம்பத்தொரு வருஷம் உழைக்க வேண்டும். அவருக்கு இப்போது நாற்பத்தெட்டு. கொடுத்த காசு சரிவர, தொண்ணூற்றொன்பது வயது வரை விளையாட வேண்டும். அங்கேயும் நூறுக்கு ஒன்று குறைவு. எங்கோ இடிக்கிறது என்று அவர் தாளை மடித்து வைத்தார்.

மறுநாள் ஞாயிறு. காலை ஷிப்ட் முடித்து மத்தியானம் வந்த தவநாயகி, படிக்குக் கீழே நிலம் நனைந்திருப்பதைக் கண்டாள். அங்கே நின்ற ஃபிரீசரைத் திறந்தாள். அடுத்த சனிக்கிழமை ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கு ஓடர் எடுத்துச் சுற்றி வைத்த நூற்றறுபது மட்டன் ரோல்ஸும் இளகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

முன்னறையில் பத்மநாதன் நிமிர்ந்து பார்க்காமல் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தார்.

"இஞ்சை பாருங்கோ, ஃபிரீசர் வயரைப் பிடுங்கினது ஆர்?"

அவர் பெட்டியை நிறுத்தினார். எந்தப் பெட்டியை என்று ஒரு கணம் அவருக்கே குழப்பமாக இருந்தது. ஐந்து நிமிடத்துக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்து, தன் மனைவியின் முகத்தைக் கண்டு, விழுங்கிக்கொண்டார். திரும்பவும் உறைய வைத்தால் என்ன என்று கேட்டார். இளகிய இறைச்சியை மற்றவன் பிள்ளையின் சடங்குக்குக் கொடுக்கச் சொல்கிறீர்களா என்று அவள் கேட்டாள். இன்றைக்கே பொரித்து இன்றைக்கே தின்ன வேண்டும். சனிக்கிழமைக்கு முழுவதையும் புதிதாகச் சுற்ற வேண்டும்.

எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுத் தவநாயகி தொலைபேசியை எடுத்தாள். குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவரோடும் ஐந்து நிமிடம் பேசினாள். ரோல்ஸ் சாப்பிட வா என்பதற்கு ஐந்து நிமிடம் எதற்கு என்று பத்மநாதனுக்குத் தோன்றியது. ஆனால் குற்றவாளி கேள்வி கேட்கக்கூடாது.

மூன்று மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. பதினான்கு பேர். குகதாசன் வந்தான். கோயில் நிர்வாக சபையில் தான் கொண்டுவந்த தீர்மானத்தையே எதிர்த்து வாக்களித்த கனகலிங்கம் வந்தார். இரண்டு வீடு தள்ளியிருக்கும் பிலோமினம்மா, முகத்துக்கு நேரே பேசுவதில் பேர் போனவர், தன் பிளாஸ்டிக் பெட்டியோடு வந்தார். எல்லோரும் ஒரு கையில் ரோல்ஸும் மறு கையில் கடதாசியுமாக முன்னறையில் அமர்ந்து, மூன்று பெட்டிகளையும் பார்த்தார்கள்.

வந்தவர்களிடம் பொது அபிப்பிராயமும் எடுத்துவிடலாம் என்று பத்மநாதன் கார்ப் பந்தயத்தை ஓடவிட்டார்.

கனகலிங்கம் இருமினார். கண்ணுக்குக் கூடாது என்றார். குகதாசன், ஆறு மாதத்தில் பாதி விலைக்கு வரும் என்றான். ஒருவர் சாம்பல் நிறம் வீட்டுக்கு ஆகாது என்றார். பிலோமினம்மா ரோல்ஸை மென்று முடிக்கும்வரை திரையையே பார்த்திருந்துவிட்டு, "இதுக்குப் போய் முந்நூறோ தம்பி? சும்மா தந்தாலும் நான் வாசலுக்கு உள்ளை எடுக்கமாட்டன்" என்றார்.

கடைசியாக நிரோஷாவைக் கேட்டார். சிநேகிதி வீட்டில் இதே பெட்டிக்கு முன்னால் நாள் தவறாமல் கிடக்கிறவள், கொட்டாவி விட்டு, "போரிங் அப்பா" என்றாள்.

பத்மநாதன் எண்ணினார். பதினான்கு பேர், மகளோடு பதினைந்து. பதினைந்தும் ஒரே பக்கம்.

அவர் மறுபடியும் ஒருமுறை எண்ணினார். லண்டனில் நம்முடைய ஆட்கள் பதினைந்து பேர் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதாகச் சரித்திரமே இல்லை. கோயில் கட்ட ஒன்றுசேர்ந்தவர்கள் மூன்று கோயில் கட்டினார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடம் எத்தனை மணிக்குத் தொடங்குவது என்பதில் இரண்டு பள்ளிக்கூடம் ஆனது. அப்படிப்பட்டவர்கள் இந்தச் சாம்பல் பெட்டி உதவாது என்பதில் மட்டும் ஒரே குரலில் பேசுகிறார்கள். அப்படியானால் இவர்கள் அத்தனை பேரும் வாங்கப்போகிறார்கள். நத்தார் பண்டிகைக்கு முன்பு கடையில் சரக்கு முடியும். குகதாசன் நாலைந்து வாங்கி மணிக்கு ஒரு பவுண் என்று வாடகைக்கு விடுவான். தன் வீட்டுப் பிள்ளை மட்டும் இருட்டில் அடுத்த வீட்டுக்கு நடக்கும்.

அப்போது மணி நாலரை. காட்சிப் பெட்டியைப் பையில் போட்டார். திருப்பிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். நல்ல முடிவு என்று பதினைந்து பேரும் சொன்னது அவரை இன்னும் வேகமாக நடக்க வைத்தது.

இளங்கோவன் கடையைப் பூட்ட ஆயத்தமாக இருந்தான். புதியது ஒன்று வேண்டும் என்றார் பத்மநாதன்.

"வீட்டுல எல்லாரும் பாத்தாங்களா அண்ணே? என்ன சொன்னாங்க?"

"அது உமக்குத் தேவையில்லாத கதை. இருக்கோ, இல்லையோ?"

இளங்கோவன் பெருமூச்சு விட்டு, உள்ளே போய், தூசி படாத பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். ஞாபக அட்டை தேவையே இல்லை என்றான். பத்மநாதன் அதையும் வைக்கச் சொன்னார். இரண்டாவது கைப்பிடி சுத்த வீண் என்றான். அதுவும் பைக்குள் போனது. கார்ப் பந்தயத் தட்டை அவன் மேசைக்குக் கீழே மறைத்து வைப்பதைக் கண்டு, அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். முந்நூற்றைம்பதை எப்போதோ தாண்டிவிட்டது. கார்டை நீட்டியபோது, பதினொரு வருஷத்தில் மூன்றாம் தடவையாகக் குறைந்த பெட்டியைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி அவருக்கு இருந்தது. ஒரு கடையும் ஒரு சமூகமும் சேர்ந்து மறைத்ததைத் தான் ஒருவனாகப் பிடித்திருக்கிறார்.

திரும்பி வந்தபோது தெரு இருட்டிவிட்டது. வீட்டுக்குள் இன்னும் பேச்சுச் சத்தம் கேட்டது. படலைக்கு வெளியே பிலோமினம்மா, ரோல்ஸ் நிறைந்த பிளாஸ்டிக் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி புறப்பட்டுக்கொண்டிருந்தார். பத்மநாதன் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டாத குறைதான்.

பிலோமினம்மா பையை எட்டிப் பார்த்தார். நிம்மதியாக மூச்சு விட்டார்.

"வாங்கிப்போட்டீரோ தம்பி? அப்ப இனி அதை நல்ல சாமான் எண்டு சொல்லலாமோ எண்டு உம்மடை மனிசியிட்டை ஒருக்காக் கேட்டுச் சொல்லும்."